ஜூன் மாசமும் பெலேவும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

மே மாசக் கடைசியில சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் முடிஞ்சு கோப்பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா, ஆகஸ்ட் நடுவுல இங்கிலீஷ் லீக் ஆரம்பிக்கிற வரைக்கும் நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் பஞ்ச காலம். ராத்திரி பன்னெண்டரை மணிக்கு முழிச்சிருக்க ஒரு காரணமும் கிடையாது. உலகக் கோப்பையோ யூரோவோ நடக்கிற வருஷம்னா தப்பிச்சோம். அதுவும் இல்லாத ஜூன், ஜூலை இருக்கே... ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு பேந்தப் பேந்த முழிக்கிறதைப் பார்த்து வீட்ல இருக்கறவங்களே பரிதாபப்படுற நிலைமை.

இந்தப் பஞ்சத்துல ரெண்டே சரக்குதான் ஓடும். ஒண்ணு, எவன் எந்த கிளப்புக்குத் தாவப் போறான்ங்கிற வதந்தி. அதுல பாதி பொய், மீதி ஏஜென்ட் கிளப்பி விட்ட பொய். ரெண்டாவது, நம்ம "பெரியவன் யாரு" பஞ்சாயத்து. பெலேவா, மரடோனாவா, மெஸ்ஸியா, ரொனால்டோவா? எம்.ஜி.ஆரா சிவாஜியா, ராஜாவா ரஹ்மானான்னு பேசியே வளர்ந்த இனம் இல்லையா நாம? இதுக்கெல்லாம் சொல்லித் தரவே வேண்டாம், நாக்கு தானா சுழலும்.

எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஆணி கம்மியா இருக்கிற மத்தியானங்கள்ல இது தினமும் நடக்கும். கோழிக்கோட்டுக்கார சேட்டன் ஒருத்தர், அர்ஜென்டினா. (2022 உலகக் கோப்பை சமயத்துல கோழிக்கோடு பக்கம் புல்லாவூர்ல ஆத்துக்கு நடுவுல மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோன்னு கட்அவுட் வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த ஜாதி வெறி!) கொல்கத்தாக்காரர் ஒருத்தர், பிரேசில். அப்புறம் மதுரைத் தம்பி ஒருத்தன், ரொனால்டோவைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா சாப்பாட்டைக்கூட வெச்சுட்டு எழுந்திருச்சிடுவான்.

போன ஜூன்ல தம்பி ஒரு எக்ஸெல் ஷீட்டோட வந்தான். பொட்டி தட்டுற கூட்டத்துல வாதம்னா சும்மாவா, டேட்டா வேணும்ல. கோல், அசிஸ்ட், ஆடின ஆட்டம், சராசரி, கோப்பை, பலோன் டோர். ஆறு காலம். பெரியவன் எவனோ அவன் பேரு தானா மேல வர மாதிரி சார்ட்டிங் வேற. அதுல பலோன் டோர் காலத்துல பெலேவுக்கு நேரா 0. மரடோனாவுக்கும் 0. "பாத்தீங்களாண்ணே, ரெண்டு பேரும் ஒரு தடவைகூட வாங்கல"ன்னான்.

எனக்கு அந்த பூஜ்யத்தைப் பார்த்ததும்தான் எழுதணும்னு தோணுச்சு. ஏன்னா அது தப்பான எண் இல்ல, சரியான எண். தப்பு வேற இடத்துல இருக்கு.

1956-ல ஆரம்பிச்ச அந்த விருது 1994 வரைக்கும் ஐரோப்பியக் குடியுரிமை இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். பெலே, கரிஞ்சா, மரடோனா எல்லாம் போட்டியிலயே கிடையாது. 1995-லதான் ஐரோப்பிய கிளப்ல ஆடுற எந்த நாட்டுக்காரரும் வாங்கலாம்னு மாத்தினாங்க, அந்த வருஷமே லைபீரியாவோட ஜார்ஜ் வேயா வாங்கினாரு. விருது கொடுக்கிற அதே ஃபிரெஞ்சுப் பத்திரிகை 2016-ல ஒரு மறுகணக்கு போட்டுப் பார்த்தது. ஆரம்பத்துல இருந்தே எல்லாருக்கும் திறந்து விட்டிருந்தா பெலேவுக்கு 7, மரடோனாவுக்கு 2 வந்திருக்கும்னு அவங்களே எழுதினாங்க. ஆக, பரீட்சை ஹால்ல உள்ளயே விடாதவனுக்கு 0 மார்க் போட்டு, "பாருங்க ஃபெயிலு"ங்கிற கதைதான் அந்த காலம்.

சரி, அந்தக் காலத்தை அழிச்சுட்டா ஷீட் சரியாயிடுமா? அங்கதான் விஷயமே இருக்கு.

நாம எல்லாரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவங்க. கிரிக்கெட்டுக்கு ஒரு வரம் உண்டு. ஒவ்வொரு பந்தும் எழுதி வைக்கப்படும். யார் போட்டான், யார் அடிச்சான், எத்தனை ரன், எப்படி அவுட்டு. பிராட்மேன் ஆடினதை நாம யாரும் பார்த்ததில்ல, ஆனா 99.94-ன்னு சொன்னா அந்த எண்ணுக்குள்ள மனுஷன் முக்கால்வாசி இருக்காரு. கவாஸ்கரா சச்சினான்னு சண்டை போட்டா, ஹெல்மெட், பிட்ச்னு கொஞ்சம் கூட்டிக் கழிச்சு ஓரளவுக்கு ஒரு இடத்துக்கு வந்துடலாம். அந்தப் பழக்கத்தோட அப்படியே ஃபுட்பாலுக்குள்ள நுழையறோம். ஆனா ஃபுட்பால் ஸ்கோர்கார்டுல என்ன இருக்கு? தொண்ணூறு நிமிஷம், இருபத்திரண்டு பேரு, கடைசியில எழுதி வைக்கிறது ரெண்டு மூணு பேரும் அதுக்குப் பக்கத்துல நிமிஷமும். அவ்ளோதான்.

1986 காலிறுதி. மெக்ஸிகோவுல அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். அன்னைக்கு எழுதி வெச்சது இதுதான்: மரடோனா 51, மரடோனா 55, லினேக்கர் 81. முதல் கோல் கையால தட்டி விட்டது. ரெண்டாவது, தன்னோட பாதியில பந்தை வாங்கி, எதிர்ல வந்தவனை எல்லாம் கழிச்சு, கோல்கீப்பரையும் தாண்டிப் போட்டது. நாலு நிமிஷ இடைவெளியில உலகத்துலயே மோசமான கோலும் உலகத்துலயே அழகான கோலும் ஒரே ஆளு. தம்பியோட ஷீட்டுல? ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. ரெண்டுக்கும் ஒரே எடை.

அதே உலகக் கோப்பை ஃபைனல். 2-0ன்னு முன்னாடி இருந்த அர்ஜென்டினாவை ஜெர்மனிக்காரங்க புடிச்சு 2-2 ஆக்கிட்டாங்க. கடைசி ஆறேழு நிமிஷம் இருக்கும்போது சுத்தி ஆளுங்க நிக்க, மரடோனா தட்டி விட்ட ஒரு பாஸ்ல புருசாகா ஓடிப் போய் முடிச்சாரு. ஸ்கோர்கார்டுல புருசாகா பேரு. ஃபைனல்ல மரடோனா கோல்: 0. ஆனா அந்த ஃபைனலை யாரு ஜெயிச்சுக் கொடுத்தாங்கன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க.

இன்னொரு எண். இது நான் கேன்டீன்ல எடுத்து விட்டதும் சேட்டனே ஆடிப் போயிட்டாரு. 1987-88 இத்தாலி லீக்ல அதிக கோல் அடிச்ச ஆளு மரடோனா. எத்தனை தெரியுமா? 15. பதினஞ்சுதாங்க. அதுக்கு முன்னாடி பிளாட்டினி தொடர்ந்து மூணு சீசன் முதலிடம் வந்தாரே, அவரோட கணக்கு 16, 20, 18. இப்ப இதை 2011-12 ஸ்பெயின் லீக்ல மெஸ்ஸி அடிச்ச 50-க்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஷீட்டு என்ன சொல்லும்? மெஸ்ஸி மரடோனாவை விட மூணு மடங்கு பெரியவர்னு சொல்லும். எந்தக் கிறுக்கனும் அப்படி நம்ப மாட்டான். அந்த 15, 16 வீரனைப் பத்தின எண் இல்ல, அந்த லீக்கைப் பத்தின எண். பதினாறு டீம், முப்பது ஆட்டம். ஒரு கிளப்புக்கு ரெண்டே வெளிநாட்டுக்காரர்தான், 1988-லதான் அது மூணாச்சு. அதனால உலகத்துல இருந்த நல்ல ஆட்டக்காரங்க ஒரே கிளப்ல குவியாம, நாப்போலிக்கு மரடோனா, யுவென்டஸுக்கு பிளாட்டினி, உடினேசேக்கு ஜிக்கோன்னு ஊருக்கு ஒருத்தரா பரவி இருந்தாங்க. சின்ன டீம்னு ஒண்ணு லேசுல கிடைக்காது. எல்லா ஊர்லயும் நாலு தடுப்பாட்டக்காரன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பான்.

1995 டிசம்பர்ல வந்த போஸ்மேன் தீர்ப்பு இதை மொத்தமா மாத்திடுச்சு. ஐரோப்பிய யூனியனுக்குள்ள யாரு எங்க வேணா ஆடலாம்னு ஆனதுக்கப்புறம், காசு இருக்கிற கிளப்பு எல்லாத் திறமையையும் வாரிக்கிட்டுப் போச்சு. பெரிய டீம் சின்ன டீமை அஞ்சு, ஆறுன்னு அடிக்கிறது சகஜமாச்சு. (பார்சிலோனா ரசிகர்கள் உடனே கிளம்ப வேண்டாம். ஷாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ் எல்லாம் சொந்தப் பண்ணையில வளர்ந்தவங்கதான், தெரியும்.) நான் சொல்றது, கோல் எண்ணிக்கை கூடிப் போனதுக்கு மெஸ்ஸியும் ரொனால்டோவும் மட்டும் காரணமில்ல, அவங்க நின்ன மேடையும் காரணம்.

பெலே கணக்கு இதை விட வேடிக்கை. 1,281-ங்கிறான் ஒருத்தன், 1,283-ங்கிறான் இன்னொருத்தன், நட்பு ஆட்டமெல்லாம் செல்லாது, 750-க்கு மேல கொஞ்சம்தான்ங்கிறான் தம்பி. ராணுவத்துல இருந்தப்ப ராணுவ டீமுக்கு அடிச்சதையும் சேர்த்திருக்காங்கங்கிறது உண்மைதான். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனா அந்தக் காலத்துல சான்டோஸ் கிளப் வருஷத்துல பாதி நாள் ஊர் ஊரா சுத்தி, ஐரோப்பாவோட பெரிய கிளப்புகளோட எல்லாம் காசுக்கு ஆடிச்சு. அதெல்லாம் "நட்பு ஆட்டம்", செல்லாது. உள்ளூர்ல ஒரு ஒப்புக்குச் சப்பாணி டீமோட மாநில லீக்ல ஆடினா அது செல்லும். இது என்ன நியாயம்? செல்லுபடியாகுற ஆட்டமே வேணும்னா 1962-ல லிஸ்பன் போய் ஐரோப்பிய சாம்பியன் பென்ஃபிகாவை அவங்க ஊர்லயே 5-2ன்னு அடிச்சாங்களே, அதுல பெலே மூணு. அந்த மூணும் ஷீட்டுல வெறும் மூணுதான்.

எண்ணிக்கைதான் அளவுகோல்னு ஒருத்தர் உறுதியா நின்னா, அவருக்கு என்கிட்ட ஒரு கேள்வி இருக்கு. நாட்டுக்காக அடிச்ச கோல்ல உச்சம் யாரு? கனடாவோட கிறிஸ்டின் சின்க்ளேர், 190. உலகக் கோப்பையில? ஆண்கள்ல க்ளோசா அடிச்ச 16-ஐ 2019-லயே பிரேசிலோட மார்ட்டா தாண்டி 17 ஆக்கிட்டாங்க. கேன்டீன்ல ஒரு பய இவங்க பேரை எடுத்ததில்ல. "அது வேற ஆட்டம்ணே"ங்கிறான் தம்பி. நல்லது தம்பி, அதே மாதிரி 1987-ம் வேற ஆட்டம்.

ஷீட்டு வேண்டாம்னா வேற எதை வெச்சுப் பேசுறது? எனக்கு இதுல ஒரு ஆசான் உண்டு. எங்க பெரியப்பா. ஐ.சி.எஃப்ல வேலை பார்த்து ரிட்டயர்டு. பெரம்பூர் பக்கம் சின்ன வயசுல லெஃப்ட் பேக் ஆடினவரு. எந்த ஆட்டத்தைப் பத்திப் பேசினாலும் "யாரு கோல் போட்டா?"ன்னு கேக்கவே மாட்டாரு. அவரோட கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "அவனை யாருடா புடிச்சா?"

எதிர்ல அவனை மார்க் பண்ணி நின்னது யாருன்னு அர்த்தம். நான் முதல்ல இதைப் பெருசா எடுத்துக்கல. தடுப்பாட்டக்காரர் இல்லையா, தன் இனத்தைப் பத்திக் கேக்குறாருன்னு விட்டுட்டேன். ஆனா யோசிச்சா, பழைய ஆளையும் புது ஆளையும் ஒரே தராசுல வைக்க இதை விட நல்ல கேள்வி கிடைக்காது. கோல் எண்ணிக்கை மேடையைப் பொறுத்து மாறும். எதிர்ல நின்னவன், அந்தக் காலத்து விதிக்குள்ள, தன்னால முடிஞ்ச அத்தனையும் பண்ணினானா? பண்ணியும் இவன் தாண்டினானா? இது 1958-க்கும் பொருந்தும், இன்னைக்கும் பொருந்தும்.

இந்தக் கேள்வியோட 1982 இத்தாலி-அர்ஜென்டினா ஆட்டத்தைப் பாருங்க. மரடோனாவைப் புடிச்சது ஜென்டைல். பேருதான் ஜென்டில், ஆளு இல்ல. :-) அந்த ஒரு ஆட்டத்துல மட்டும் மரடோனா மேல 23 ஃபவுல். சட்டையை இழுக்கிறது, கணுக்கால்ல கொடுக்கிறது, முதுகுல ஏறுறது. அன்னைக்கு ஜெயிச்சது ஜென்டைல்தான், மறுக்க முடியாது. 1966-ல பல்கேரியாக்காரங்களும் போர்ச்சுகல்காரங்களும் பெலேவை வெட்டிச் சாய்ச்சப்போ மஞ்சள் அட்டையும் கிடையாது, சிவப்பு அட்டையும் கிடையாது, மாற்று ஆட்டக்காரரும் கிடையாது. அட்டையும் மாற்றும் உலகக் கோப்பைக்குள்ள வந்ததே 1970-ல. நொண்டிக்கிட்டே மைதானத்துல நிக்க வேண்டியதுதான். பின்னாடி இருந்து காலை வாருறவனுக்கு நேரா சிவப்புன்னு கறாரா ஆனது 1998-லதான். மெஸ்ஸி ஆடின இருபது வருஷமும் இந்தப் பாதுகாப்புக்குள்ளதான்.

இதைக் கேட்டதும் பெருசுங்க எல்லாம் "அப்படிச் சொல்லு!"ன்னு மீசையை முறுக்க ஆரம்பிச்சுடுவாங்க. கொஞ்சம் இருங்க, உங்களுக்கும் இருக்கு.

"இந்தக் காலத்துப் பசங்க ஊதினா விழுந்துடுவாங்க, எங்க காலத்துலதான் ஆம்பளைங்க ஆடினாங்க"ங்கிற டயலாக்கை இதோட நிறுத்திக்கலாம். பழைய ஆட்டம் ஒண்ணைத் துண்டு துண்டா இல்லாம முழுசா உக்காந்து பார்த்திருக்கீங்களா? பந்தைத் தடுப்பாட்டக்காரன் கோல்கீப்பருக்குத் தட்டுவான், அவரு கையில எடுத்துத் தட்டித் தட்டி வெச்சுப்பாரு, திரும்ப உருட்டுவாரு, திரும்ப இவன் அவருக்குத் தட்டுவான். 1990 இத்தாலி உலகக் கோப்பையில இந்த நாடகம் தாங்க முடியாமப் போச்சு. 52 ஆட்டத்துல 115 கோல், ஆட்டத்துக்கு 2.21. 2022 வரைக்கும் நடந்த எந்த உலகக் கோப்பையிலயும் இவ்வளவு வறட்சி இல்ல. அதுக்கப்புறம்தான் 1992-ல, காலால திருப்பிக் கொடுத்த பந்தை கீப்பர் கையால எடுக்கக் கூடாதுன்னு விதி போட்டாங்க. இன்னைக்கு ஒரு நடுக்களத்து ஆட்டக்காரனுக்குப் பந்து காலுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு பேரு மேல விழுறான். 1970-ல நடுவுல பந்தை வாங்கி, நிமிர்ந்து, நாலா பக்கமும் பார்த்து, யோசிச்சு அனுப்ப நேரம் இருந்துச்சு. அந்த வருஷ ஃபைனல்ல கார்லோஸ் ஆல்பர்டோ போட்ட நாலாவது கோலைப் பாருங்க. அழகுதான், எனக்கும் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. ஆனா எதிர்ல இருந்த இத்தாலிக்காரங்க நாலு நாளைக்கு முன்னாடிதான் அந்த உயரமான ஊர்லயே ஜெர்மனியோட கூடுதல் நேரம் வரைக்கும் ஆடி 4-3ன்னு செத்துப் பிழைச்சு வந்தவங்க. அந்த வலது பக்கம் எவ்ளோ பெரிய காலி இடம் கிடக்கு பாருங்க. ஒரு கல்யாண மண்டபமே கட்டலாம்.

பந்து விஷயமும் அப்படித்தான். "எங்க காலத்துப் பந்து கல்லு மாதிரி கனக்கும்"பாங்க. காய்ஞ்ச பந்தோட எடை 1937-ல இருந்து கிட்டத்தட்ட இதேதான். தோல் பந்து மழையில நனைஞ்சா தண்ணி குடிச்சுக் கனக்கும், அது உண்மை. வருஷம் பூரா மழை பெஞ்ச மாதிரி பேசக் கூடாது.

இன்னொரு சலுகையும் பழைய ஆளுங்களுக்கு உண்டு, அதை யாரும் பேசறதில்ல. கரிஞ்சாவை நமக்கு எவ்ளோ தெரியும்? வளைஞ்ச கால், வலது ஓரம், எதிராளி குழம்பி விழறது. 1962-ல பெலே ரெண்டாவது ஆட்டத்துலயே அடிபட்டு உக்காந்ததும் நாலு கோல் அடிச்சு கோப்பையைக் கொண்டு வந்தது. மொத்தமா அரை மணி நேரப் படம் இருக்குமா நம்மகிட்ட? அதுல பூரா அவரோட நல்ல நேரம்தான். மெஸ்ஸியோட ஒவ்வொரு சொதப்பலும், மழையில ஒரு செவ்வாய்க்கிழமை 0-0ன்னு முடிஞ்ச ஆட்டமும் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. ஒருத்தரை அவரோட கல்யாண ஆல்பத்தை வெச்சும், இன்னொருத்தரை அவரு வீட்டு சிசிடிவியை வெச்சும் எடை போட்டா எப்படி?

கொல்கத்தா நண்பரோட அப்பா கதை இங்க பொருத்தம். 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ். நியூயார்க் காஸ்மாஸும் மோகன் பகானும். பெலே ஆடுறாரு. ஊரே திரண்டுச்சு, அதுல அவங்க அப்பாவும் ஒருத்தர். ஆட்டம் 2-2. "பெலேவை நேர்ல பார்த்தவன்டா நான்"ங்கிறது அவரு வாழ்நாள் பட்டம். ஆனா அன்னைக்குப் பெலேவுக்கு வயசு 36, ஒரு வாரம் கழிச்சு ஓய்வே வாங்கிட்டாரு. மழை பெஞ்சு சேறான மைதானம். உள்ளதைச் சொன்னா பெலே பெருசா ஒண்ணும் பண்ணலையாம். அவருக்கு இன்னைக்கும் மனசுல நிக்கிறது கவுதம் சர்க்கார். பெலேவைப் புடிச்ச ஆளு! எங்க பெரியப்பாவும் இவரும் சந்திச்சா மொழியே தெரியாம நாலு மணி நேரம் பேசிக்குவாங்கன்னு நினைக்கிறேன்.

இந்த "புடிச்ச ஆளுங்க" கதிதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கோல் கணக்கு ஒரு பொழுதுபோக்குன்னு விட்டுடலாம், ஆனா அதோட விலை இவங்க தலையிலதான் விழுது. பலோன் டோர் வாங்கின கோல்கீப்பர் ஒரே ஒருத்தர், 1963-ல யாஷின். தடுப்பாட்டக்காரங்கன்னா பெக்கன்பாவர், சாமர், கன்னவாரோ. அத்தோட முடிஞ்சது. மால்தினி மிலானுக்கு 25 சீசன், 902 ஆட்டம், அஞ்சு ஐரோப்பியக் கோப்பை. விருதுல மூணாவது இடத்துக்கு மேல ஏறவே இல்ல. 2003-ல ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கின அதே கோடையில மகெலேலேவை செல்சிக்கு வித்தாங்க. அடுத்த சீசன் மாட்ரிட் லீக்ல நாலாவது. அதுக்கடுத்த சீசன் செல்சி 38 ஆட்டத்துல வாங்கின கோல் மொத்தம் 15. அந்த அஞ்சு வருஷத்துல செல்சிக்கு மகெலேலே அடிச்ச கோல்? ரெண்டு. ஷீட்டுல அவருக்கு வரிசையே கிடையாது.

நம்ம பொழப்பும் இதேதானே சாமிகளா. புது ஃபீச்சர் போட்டவனுக்கு அப்ரைசல்ல கைதட்டல். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழாம பார்த்துக்கிட்டவன் பேரு யாருக்குத் தெரியும்? விழாததுக்கு லாக் ஃபைல் கிடையாதே. எத்தனை வரி கோடு எழுதினான்னு எண்ணிப் பார்த்து ஆளை எடை போட்டா நாம கொதிக்கிறோம். அதே நாம கேன்டீன்ல போய் கோலை எண்ணுறோம்.

நம்ம நாட்டுக் கணக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. சுனில் சேத்ரி 2024 ஜூன்ல விடை வாங்கும்போது இந்தியாவுக்காக 94 கோல். (2025-ல திரும்ப வந்தாரு, அது தனிக் கதை.) இந்தியாவோட மிகப் பெரிய ஆட்டக்காரர்னு கேட்டா எங்க கேன்டீன்ல ஒரு குரல்ல சேத்ரிதான். அவரு மேல எனக்கு மரியாதைக்குக் குறைச்சல் இல்ல. பத்தொன்பது வருஷம் ஒரு பலவீனமான டீமைத் தோள்ல சுமந்தவரு. ஆனா சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம்னு சொன்னா மதுரைத் தம்பி "யாருண்ணே?"ங்கிறான். 2024-ல வந்த 'மைதான்' படம் பார்த்தவங்களுக்குப் பயிற்சியாளர் ரஹீமையாவது தெரியும். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி ஃபைனல்ல தென் கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சு தங்கம் வாங்கின கூட்டம் அது. அதுல ஜர்னைல் சிங்னு ஒரு தடுப்பாட்டக்காரர். தலையில அடிபட்டுத் தையல் போட்ட ஆளை ரஹீம் தூக்கி முன்வரிசையில நிறுத்தினாரு. மனுஷன் அரையிறுதியிலயும் ஒரு கோல், ஃபைனல்லயும் ஒரு கோல். எந்தக் காலத்துல போடுவ தம்பி இவரை?

இவங்களைப் பத்தி நம்மகிட்ட படமும் கிடையாது, நல்ல கணக்கும் கிடையாது. பார்த்தவங்க கண்ணு மட்டும்தான் இருந்துச்சு. பி.கே.யும் சுனியும் 2020-ல போயிட்டாங்க, 2023-ல பலராமும். அவங்களை ஆடப் பார்த்தவங்களுக்கு இப்ப எழுபது, எண்பது வயசு. மரடோனா இடத்துல எண்ணு பொய் சொல்லுதுன்னா படத்தைப் போட்டுக் காட்டி வாயை அடைக்கலாம். இங்க காட்ட ஒண்ணுமே இல்ல, ஒரு தாத்தாகிட்ட போய் உக்காந்து கேக்கிறதைத் தவிர.

"இவ்ளோ பேசுறியே, உன் ஆளு யாரு?"ன்னு கேப்பீங்க. நழுவ மாட்டேன். எனக்கு மெஸ்ஸி. ஆனா எட்டு பலோன் டோருக்காக இல்ல, 2012-ல ஒரே வருஷத்துல அடிச்ச 91-க்காகவும் இல்ல. பெரியப்பா கேள்விக்கு அவருகிட்ட ஒரு பதில் இருக்கு. 2022 உலகக் கோப்பை அரையிறுதி, குரோஷியா. வலது ஓரத்துல பந்து. புடிச்சது குவார்டியோல். வயசு 20, மலை மாதிரி உடம்பு, அந்தத் தொடர் முழுக்க அசைக்க முடியாம நின்ன ஆளு. இவருக்கு 35. வேகம் போயாச்சு. நிக்கிறாரு, ஓடுறாரு, திரும்ப நிக்கிறாரு, அந்தப் பையன் எல்லாத்துக்கும் சரியாத்தான் ஈடு கொடுக்கிறான், சட்டையைக் கூடப் புடிக்கிறான். கடைசியில கோட்டு ஓரமா ஒரு சுத்து சுத்தி உள்ள போய், அல்வாரெஸுக்குத் தட்டி விடுறாரு. கோல் அல்வாரெஸ் பேருல. மெஸ்ஸிக்கு ஷீட்டுல அசிஸ்ட் 1.

அடுத்த வாரமே பெரியப்பாகிட்ட அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். மூணு தடவை போடச் சொன்னாரு. பார்த்துட்டு, "பாவம்டா, அந்தப் பையன் ஒரு தப்பும் பண்ணல"ன்னாரு. என்னைப் பொறுத்தவரை ஒரு தடுப்பாட்டக்காரர் வாயில இருந்து வர்ற இதை விடப் பெரிய சர்ட்டிபிகேட் கிடையாது. ஆனாலும் மரடோனாதான்னு பிடிவாதமா இருக்காரு. ஜென்டைலையும் பார்த்தவரு, என்ன சொல்ல முடியும்? இருந்துட்டுப் போகட்டும்.

இப்ப எங்க கேன்டீன்ல ஒரு சட்டம் போட்டிருக்கோம். யாரு பேரை எடுத்தாலும் சரி, அவரு ஆடின ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்துட்டு வந்துதான் பேசணும். கோல் தொகுப்பு செல்லாது. எதிர்ல யாரு புடிச்சான்னும் சொல்லணும். தம்பி முனகிக்கிட்டே 1986 காலிறுதியைப் பார்த்துட்டு வந்தான். "கோல்கீப்பர் சும்மா பந்தை வெச்சு உருட்டிக்கிட்டே இருக்காருண்ணே, தூக்கம் வருது"ன்னான். அப்புறம் கொஞ்சம் இறங்கி, "ஆனா அந்த ரெண்டாவது கோல் முழு ஆட்டத்துக்கு நடுவுல பார்க்கும்போது வேற மாதிரி இருக்குண்ணே, திடீர்னு வருது"ன்னான். ஷீட்டை இன்னும் அழிக்கல. கேட்டா, "இருக்கட்டும்ணே, பேக்கப்"பாம்.

நான் அடுத்து 1982 இத்தாலி-பிரேசில் முழுசா பார்க்கப் போறேன். நீங்களும் ஆளுக்கு ஒரு முழு ஆட்டம் சொல்லிட்டுப் போங்க. ஆகஸ்ட் வரைக்கும் ஓட்டணும்ல.

டிஸ்கி: ரொனால்டோ ரசிகக் கண்மணிகள் யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். 2018-ல யுவென்டஸுக்கு எதிரா அவரு அந்தரத்துல மல்லாந்து அடிச்ச கோலுக்கு எதிர் டீம் ரசிகர்களே எழுந்து நின்னு கை தட்டினாங்க. அந்த வரிசையில நானும் நிப்பேன். :-)